பழைய எஸ்எம்பிஎஸ் பெட்டியைப் பிரிப்பதா, முழுதாகவே எடைக்குப் போடுவதா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினி பழுதுபார்க்கும் கடைகளிலும், கல்லூரிக் கணினிக் கூடங்களின் பின்னறைகளிலும், காயலான் கடைகளிலும் எஸ்எம்பிஎஸ் பெட்டிகள், அதாவது கணினிக்கு வேண்டிய மின்சாரத்தை மாற்றித் தரும் மின்வழங்கிகள், மூலை மூலையாகக் குவிந்து கிடக்கின்றன. அவற்றைத் திறந்து செம்பு, அலுமினியம், இரும்பு என்று பிரித்து விற்றால் கூடுதலாகக் காசு பார்க்கலாமா என்பது அந்தக் குவியலைப் பார்க்கும் எவருக்கும் எழும் கேள்வி. மேசைக் கணினியில் பொருத்தப்படும் சாதாரண ஏடிஎக்ஸ் (வழக்கமான மேசைக் கணினி வடிவம்) பெட்டியை மனத்தில் வைத்தே கீழுள்ள பதில்கள் எழுதப்பட்டுள்ளன. வேறு வகைகள் கடைசியில் வருகின்றன.

ஒரு எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் விலைபோகும் பொருள் என்னதான் இருக்கிறது?

எடையில் ஏறக்குறைய பாதி, துத்தநாகப் பூச்சுள்ள இரும்புத் தகட்டால் ஆன வெளிக்கூடு. அதற்கடுத்து, பெட்டியிலிருந்து வெளியே தொங்கும் மஞ்சள், சிவப்பு, கறுப்பு, ஆரஞ்சு ஒயர்கள். செம்பின் பெரும்பகுதி இவற்றில்தான் இருக்கிறது. உள்ளே ஒரு மின்விசிறி, சுற்றுப்பலகை, அதன்மேல் செங்குத்தாக நிற்கும் வெப்பத்தை வெளியேற்றும் இரண்டு அலுமினிய ஹீட் சிங்குகள், ஃபெரைட் எனும் காந்தப் பீங்கான் உள்ளகத்தின் மேல் செம்புக்கம்பி சுற்றிய இரண்டு மூன்று சிறிய டிரான்ஸ்பார்மர்கள், மஞ்சள் நிற வளையத்தில் தடித்த கம்பி சுற்றிய ஒரு சுருள், மின்னேற்றத்தைத் தேக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் ஆகியவை இருக்கும்.

மலிவான பெட்டி ஒரு கிலோவுக்குள் நிற்கும். நல்ல தயாரிப்பு, அதுவும் 500 வாட்டுக்கு மேற்பட்டது, ஒன்றரை முதல் இரண்டரை கிலோ வரை எடை காட்டும். மேலே ஒட்டியிருக்கும் வாட் எண்ணைவிட இந்த எடையே நம்பத்தக்கது. 450 வாட் என்று அச்சிட்ட பெட்டி கையில் காற்றாடி போலக் கனமின்றி இருந்தால், உள்ளே சின்ன டிரான்ஸ்பார்மரும், மெல்லிய ஹீட் சிங்கும், நூல்போன்ற ஒயரும்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பிரித்தால் லாபமா? கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

முடியும், ஆனால் பழைய உலோக விலை ஊருக்கு ஊரும் வாரத்துக்கு வாரமும் மாறுவது என்பதால், கீழே உள்ள விலைகளை வழிமுறை புரிவதற்காக எடுத்துக்கொண்டவையாக மட்டுமே பார்க்க வேண்டும். உங்கள் ஊர் விலையை அதே இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

900 கிராம் எடையுள்ள ஒரு மலிவுப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். அதில் கூடு 400 கிராம், ஒயர் 160, அலுமினியம் 80, விசிறி 80, சுருள்களோடு சேர்ந்த பலகை 180 கிராம். முழுப் பெட்டிக்கு வியாபாரி கிலோவுக்கு 60 ரூபாய் தருகிறார் என்றால், பிரிக்காமல் கொடுக்கும்போது 54 ரூபாய் கிடைக்கும். முழுதாகப் பிரித்தால், இரும்பு கிலோ 28 ரூபாய் வீதம் சுமார் 11 ரூபாய், உரிக்காத ஒயர் கிலோ 300 வீதம் 48, அலுமினியம் கிலோ 130 வீதம் 10, மட்டமான பலகை கிலோ 50 வீதம் 9, விசிறி ஒன்றரை ரூபாய். ஆகமொத்தம் ஏறக்குறைய 80 ரூபாய். வித்தியாசம் 26 ரூபாய். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது ஒயரை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, பெட்டியைத் திறக்காமல் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒயருக்கு 48 ரூபாய், மீதமுள்ள 740 கிராம் பெட்டியைக் கிலோ 35 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டால் 26 ரூபாய், மொத்தம் 74. அதாவது 26 ரூபாய் கூடுதல் லாபத்தில் 20 ரூபாய் ஓரிரு நிமிடத்தில், ஒரு கட்டிங் பிளேயரின் சில கடிகளிலேயே வந்துவிடுகிறது. அதன்பின் கூட்டின் திருகுகள் நான்கு, விசிறியின் திருகுகள் நான்கு, பலகையின் திருகுகள் நான்கு, ஹீட் சிங்கில் மாட்டியிருக்கும் டிரான்சிஸ்டர்களின் திருகுகள் என்று கழற்றிக் கால்மணி நேரம் உழைப்பதற்குக் கிடைப்பது ஆறு ரூபாய் சொச்சம்.

எனவே பிரிக்கலாமா வேண்டாமா என்று கேட்பதைவிட, எந்த இடத்தில் நிறுத்துவது என்று கேட்பதே பொருத்தம். மலிவுப் பெட்டியைப் பொறுத்தவரை என் பதில்: வியாபாரி தரும் விலை ஒத்துவந்தால் ஒயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஒத்துவராவிட்டால் அதையும் செய்யாதீர்கள்.

ஒயரை வெட்டுவதே நட்டமாகும் சந்தர்ப்பமும் உண்டா?

உண்டு, அதுவும் அடிக்கடி. மின்னணுக் கழிவை மட்டுமே வாங்கும் வியாபாரிகளிடம் ஒயருள்ள பெட்டி, ஒயரில்லாத பெட்டி என்று இரண்டு விலை இருக்கும். மேலே சொன்ன அதே பெட்டிக்கு ஒயருடன் கிலோ 85 ரூபாய் தருகிறார் என்றால், தொடாமலே 76 ரூபாய்க்கு மேல் கிடைக்கிறது. ஒயரை வெட்டினால் 74 ரூபாய்தான். முழுதாகப் பிரித்தாலும் தொடாமல் கொடுப்பதைவிட நான்கு ரூபாய்க்கும் குறைவாகவே கூடுதல் வரும். கையில் பிளேயரை எடுக்கும் முன் இந்த இரண்டு விலைகளையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்வதுதான் முதல் வேலை. வெட்டிய ஒயரை ஒட்டவைத்து எவரும் பழைய விலைக்கு எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பொதுவான பழைய இரும்புக் கடையில் நிலைமை வேறு. அங்கே முழுப் பெட்டியை இரும்பு விலைக்கே தட்டில் வைப்பார்கள்; சில இடங்களில் பிளாஸ்டிக்கும் பலகையும் இருக்கிறது என்று சொல்லி எடையில் கழிவும் பிடிப்பார்கள். அப்படிப்பட்ட கடை மட்டுமே ஊரில் இருந்தால், ஒயரை வெட்டித் தனியே வைப்பது எப்போதும் லாபம்.

ஒயரை உரித்துச் சுத்தச் செம்பாக விற்றால் இன்னும் கூடுமே?

கணக்கில் கூடும், கையில் கூடாது. நல்ல பெட்டியில் வரும் 18 கேஜ் (இந்த எண் கூடக்கூடக் கம்பி மெலியும்) ஒயரை எடுத்துக்கொண்டால், அதன் செம்பின் குறுக்குப் பரப்பு 0.82 சதுர மில்லிமீட்டர். ஒரு மீட்டரில் 7 கிராமுக்குச் சற்று மேல் செம்பும், 3 முதல் 3.5 கிராம் வரை பிவிசி உறையும் இருக்கும். ஆக, எடையில் மூன்றில் இரண்டு பங்கு செம்பு. மலிவுப் பெட்டியின் 22 கேஜ் ஒயரிலோ மீட்டருக்கு 3 கிராம் செம்புகூட இல்லை. உறையின் பங்கு ஏறி, செம்பு பாதிக்குச் சற்றுமேல் என்ற அளவுக்கு இறங்கிவிடும்.

மேற்சொன்ன 160 கிராம் ஒயரிலிருந்து 90 கிராம் செம்பு கிடைத்து, அது கிலோ 700 ரூபாய்க்குப் போனாலும் 63 ரூபாய், உரிக்காமல் 48. இந்தப் 15 ரூபாய்க்காக இருபதுக்கும் மேற்பட்ட மெல்லிய ஒயர்களைத் தனித்தனியே பிளேடால் கீறி இழுக்க வேண்டும். வீட்டு ஒயரிங்கில் வரும் தடித்த ஒயரை உரிப்பதற்கென்று கைப்பிடி சுற்றும் இயந்திரங்கள் கிடைக்கின்றன; எஸ்எம்பிஎஸ் ஒயர் அவற்றின் பல்லில் பிடிபடாமல் வழுக்கிவிடும். முனையிலிருக்கும் வெள்ளை, கறுப்பு கனெக்டர்களை மட்டும் வெட்டி நீக்கி, ஒயரைக் கட்டாகக் கட்டி விற்பதே போதும். கனெக்டரோடு கொடுத்தால் வியாபாரி பிளாஸ்டிக்கின் எடையைத் தன் கணக்குப்படி கழிப்பார்; அது அநேகமாக உண்மையான எடையைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். விலை குறைந்த பெட்டிகளில் சில, செம்புப் பூச்சுள்ள அலுமினிய ஒயரோடு வருகின்றன. அறிவதற்கு, ஒரு முனையை உரித்து, இழையைக் கத்தி நுனியால் நன்றாகச் சுரண்டிப் பாருங்கள். மேலே சிவப்பாகவும் உள்ளே வெள்ளையாகவும் இருந்தால் அது அலுமினியம். மேலே வெள்ளையாகவும் உள்ளே சிவப்பாகவும் இருந்தால் வெள்ளீயப் பூச்சுள்ள செம்பு. இரண்டும் முதல் பார்வையில் குழப்பும், விலையிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. இரண்டையும் ஒரே கட்டில் கலந்துவிட்டால், கட்டு முழுவதற்கும் குறைந்த விலைதான் போடுவார்கள்.

ஒயரைத் தீயில் போட்டு எடுத்தால் வேலை சுலபமாகாதா?

செய்யவே கூடாது. பிவிசி எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிப்பட்டு, மூச்சுக்குழாயின் ஈரத்தில் கரைந்து அமிலமாகிறது. அதோடு டயாக்ஸின் வகை நஞ்சுகளும் உருவாகின்றன. அவை உருவாவதைச் செம்பு ஊக்குவிப்பதால், சாதாரணப் பிளாஸ்டிக்கை எரிப்பதைவிடச் செம்பு ஒயரை எரிப்பது மோசமானது. சாம்பலில் தங்கும் நஞ்சு மண்ணில் பல்லாண்டுக் காலம் கிடக்கும். திறந்தவெளியில் கழிவுகளை எரிப்பதற்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் நாடு முழுவதும் தடைவிதித்து, சாதாரண எரிப்புக்கு 5,000 ரூபாயும் பெருமளவு எரிப்புக்கு 25,000 ரூபாயும் அபராதம் என்று அறிவித்தது.

இவையெல்லாம் மனத்தில் பதியாதவர்களுக்கு வியாபாரக் காரணம் ஒன்றும் உண்டு. எரித்த செம்பு கறுத்து, நொறுங்கும் தன்மையடைந்து, சுத்தச் செம்பின் விலைக்குக் கீழேயே போகும். மெல்லிய இழைகளில் கொஞ்சம் ஆக்ஸைடாகி எடையும் இழப்பாகும்.

டிரான்ஸ்பார்மரிலும் சுருளிலும் உள்ள செம்பை எடுக்கலாமா?

மஞ்சள் வளையச் சுருளை எடுக்கலாம். அது தடித்த கம்பி. பலகையிலிருந்து பிடுங்கியபின் கையாலேயே அவிழ்த்துவிடலாம். எனாமல் பூச்சு இருப்பதால் பளபளப்பான ஒயர்ச் செம்பைவிட ஒருபடி குறைவான விலைக்குப் போகும். முதன்மை டிரான்ஸ்பார்மர் அப்படியல்ல. ஃபெரைட் துண்டுகள் இரண்டையும் வார்னிஷில் தோய்த்து ஒட்டியிருப்பார்கள். சுத்தியால் தட்டினால் கண்ணாடிபோலச் சில்லுகளாகத் தெறிக்கும், கண்ணுக்கு ஆபத்து. உடைத்தபின்னும் நாடா, பிளாஸ்டிக் உருளை, மீண்டும் நாடா என்று அடுக்கடுக்காக உரிக்க வேண்டும். ஃபெரைட்டுக்கு விலையே கிடையாது.

ஆக இரண்டிலும் சேர்த்துச் சில பத்துக் கிராம் எனாமல் செம்பு தேறலாம். அதை எடுத்தபின் மொட்டையாகிவிட்ட பலகையை வாங்குவோர் விலையைக் குறைப்பார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், டிரான்ஸ்பார்மரைப் பலகையோடு விட்டுவிடுவதே மேல்.

பழைய பெட்டிகள் சிலவற்றின் மேல்மூடியில், திருகி மாட்டிய தனிச் சுருள் ஒன்று இருக்கும். தகடு அடுக்கிய இரும்பு உள்ளகத்தோடு, இரண்டு ஒயர்கள் மட்டும் வந்து சேரும். அதைக் கழற்றுவது எளிது, எடையும் கணிசம். கம்பி செம்பா அலுமினியமா என்பதை மட்டும் சுரண்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கம் இருக்குமா?

இல்லை. சாதாரண ஏடிஎக்ஸ் பெட்டியின் கனெக்டர் முனைகள் வெள்ளீயப் பூச்சுள்ளவை. பலகையும் பழுப்பு நிறக் காகித அட்டை வகை, ஒருபக்கம் மட்டும் செம்புத் தடம் உள்ளது. தாய்ப்பலகையோடும் ரேமோடும் அதை ஒரே விலைக்கு எவரும் எடுக்க மாட்டார்கள். அதைத் தாய்ப்பலகைகளோடு கலந்து கொடுப்பது ஒயர்க் கட்டில் அலுமினியம் கலப்பதற்கு ஒப்பான பிழை.

எடைக்குப் போடும் முன் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டுமா?

கட்டாயம் பார்க்க வேண்டும். இந்த முழுப் பக்கத்திலும் அதிகப் பணம் இருப்பது இந்த ஒரு பதிலில்தான். ஓடும் நிலையிலுள்ள நல்ல தயாரிப்புப் பெட்டி, சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய சாமானாகவே கைமாறும். அந்த விலைக்கு முன் உலோக விலை ஒரு பொருட்டே அல்ல. 80 பிளஸ் எனும் மின்திறன் முத்திரை, கனமான எடை, தடித்த ஒயர் ஆகிய மூன்றும் உள்ள பெட்டியைச் சோதிக்காமல் வெட்டக் கூடாது.

சோதனை எளிது. முதலில் காற்றோட்டத் துளை வழியே டார்ச் அடித்துப் பார்த்து, தலை உப்பிய கெப்பாசிட்டரோ, கருகிய தடமோ, எரிந்த நாற்றமோ இருந்தால் மின்சாரம் கொடுக்க வேண்டாம். அப்படி எதுவும் இல்லையென்றால், 24 முனைக் கனெக்டரில் பச்சை ஒயரையும் ஏதேனுமொரு கறுப்பு ஒயரையும் சிறு கம்பியால் இணைத்தபின் சுவிட்சைப் போடுங்கள். விசிறி சுற்றினால் மட்டும் போதாது. ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கையோ சிறு சுமையையோ மாட்டி, மஞ்சளில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 என்ற வரம்புக்குள் நிற்கிறதா என்று மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். விசிறி சுற்றாமல், ஊதா ஒயரில் மட்டும் 5 வோல்ட் வந்தால், பெட்டி முழுதாகச் சாகவில்லை என்று பொருள். பழுதுநீக்கத் தெரிந்தவர் அதை வாங்கிக்கொள்வார்.

ஏறக்குறைய 1999 முதல் 2007 வரை வந்த பொருள்களில், மின்பகு திரவம் சரியில்லாத கெப்பாசிட்டர்கள் உப்பி வெடிப்பது உலகம் முழுக்க ஒரு பெருநோயாக இருந்தது. அந்தக் காலத்துப் பெட்டிகளில் வெளியீட்டுப் பக்கத்துச் சின்னக் கெப்பாசிட்டர்கள் சிலவற்றை மாற்றினாலே உயிர்பிழைப்பவை உண்டு. ஆயினும், பதினைந்து ஆண்டுக்கு மேல் பழைய பெட்டியைச் சரிசெய்து இன்றைய தாய்ப்பலகைக்கு மாட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சோதனை மேசைக்கு அது போதும்.

மின் இணைப்பைப் பிடுங்கியபின்னும் ஷாக் அடிக்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. உள்ளே வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டம் நேர்மின்னோட்டமாக மாற்றப்படும்போது அதன் உச்ச அளவான சுமார் 325 வோல்ட் பெரிய கெப்பாசிட்டர்களில் தேங்குகிறது. பெட்டியின் பின்புறம் 115, 230 என்று மாற்றும் சிவப்பு சுவிட்ச் இருந்தால், உள்ளே 200 வோல்ட் கெப்பாசிட்டர்கள் இரண்டு தொடராக இருக்கும். அவை ஒவ்வொன்றும் 470 மைக்ரோஃபாரட் என்றால், தேங்கும் ஆற்றல் ஏறக்குறைய 12 ஜூல். அந்த சுவிட்ச் இல்லாமல் 100 முதல் 240 வோல்ட் வரை தானே ஏற்கும் பெட்டியாக இருந்தால், உள்ளே 400 வோல்ட் அல்லது அதற்கும் மேற்பட்ட பெரிய கெப்பாசிட்டர் இருக்கும். அதில் 380 வோல்ட் அளவுக்கு ஏறி நிற்கும். 390 மைக்ரோஃபாரட் என்றால் 28 ஜூல். ஒரு கையிலிருந்து மறுகைக்குப் பாய்ந்தால் விளையாட்டல்ல. உதறிய கை கூட்டின் கூரிய விளிம்பில் கிழிபடுவது வேறு.

வழக்கமாகக் கெப்பாசிட்டரோடு இணைத்திருக்கும் வடிகால் ரெசிஸ்டர் சில நிமிடங்களில் இதை இறக்கிவிடும். ஆனால் நம் கைக்கு வருவதெல்லாம் பழுதான பெட்டி. பழுதானது அந்த ரெசிஸ்டராகவே இருக்கலாம், அல்லது மலிவுத் தயாரிப்பில் அது போடப்படாமலேகூட இருக்கலாம். சில நாள் சும்மா கிடந்த பெட்டியில் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. சற்றுமுன் சோதிப்பதற்காக மின்சாரம் கொடுத்து ஓடாமல் போன பெட்டிதான் ஆபத்தானது.

அப்படியானால் எப்படிப் பாதுகாப்பாக இறக்குவது?

மின்னியல் பழக்கம் இல்லாதவர் பெட்டியைத் திறக்காமல் இருப்பதே சரி. ஒயரை வெளியே வெட்டுவதற்குத் திறக்க வேண்டிய அவசியமும் இல்லை. பழக்கமுள்ளவர் செய்யும் முறை இது. மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி, சில மணி நேரமாவது விட்டுவைக்க வேண்டும். மூடியைக் கழற்றியதும், கைவைக்கும் முன், மல்டிமீட்டரை 600 அல்லது 1,000 வோல்ட் நேர்மின்னோட்ட வரம்பில் வைத்து அளக்க வேண்டும்.

இரண்டு கெப்பாசிட்டர் உள்ள பெட்டியில், பலகையைத் தூக்காமலே, மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும், நான்கு கால் உள்ள தட்டையான பிரிட்ஜ் ரெக்டிஃபையரின் பிளஸ், மைனஸ் கால்களில் முனைகளை வைத்து அளந்துவிடலாம். தானே ஏற்கும் வகைப் பெட்டியில் இது செல்லாது. அங்கே பிரிட்ஜுக்கும் கெப்பாசிட்டருக்கும் நடுவில் ஒரு டயோடு குறுக்கே நிற்பதால், பிரிட்ஜில் பூச்சியம் காட்டினாலும் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் இருக்கக்கூடும். கெப்பாசிட்டரின் இரு கால்களிலேயே அளக்க வேண்டும்; அதற்குப் பலகையைத் தூக்கும்போது விளிம்பை மட்டும் பிடிக்க வேண்டும். ஹீட் சிங்கைப் பிடித்துத் தூக்குவது பலரின் பழக்கம். சில பெட்டிகளில் மின்வரவுப் பக்கத்து ஹீட் சிங்கே உயர் வோல்ட் சுற்றோடு இணைந்திருக்கும் என்பதால், அதைப் பிடிகம்பாக்கிக்கொள்ளக் கூடாது.

வோல்ட் மிச்சமிருந்தால், உறைபோட்ட முனைகள் கொண்ட 2.2 கிலோஓம், 10 வாட் ரெசிஸ்டரைக் கெப்பாசிட்டரின் இரு கால்களுக்கும் குறுக்கே சில விநாடி பிடித்தால் இறங்கிவிடும். பழைய 230 வோல்ட் குண்டு பல்பும் உதவும். ஒருகணம் மின்னி அணைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஸ்குரூ டிரைவரால் குறுக்கே வைத்துப் படாரென்று இறக்குவது தடத்தைப் பெயர்த்து, உலோகத் துணுக்கைக் கண்ணுக்குத் தெறிக்கவிடும். இறக்கியபின் இன்னொரு முறை அளக்க வேண்டும், ஏனெனில் கெப்பாசிட்டர் சிறிது வோல்ட்டைத் தானே மீட்டுக்கொள்ளும். ஒரு கையால் மட்டும் வேலை செய்வது, மோதிரம், காப்பு கழற்றுவது, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொள்வது ஆகியவற்றை யாரும் தனியே சொல்ல வேண்டியதில்லை.

ஈயம் முதலிய நஞ்சுகள்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2006 ஜூலை 1 அன்று மின்னணுப் பொருள்களில் ஈயக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெட்டிகளின் பற்றுவைப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஈயம் இருக்கும். அதற்குப் பிந்தைய மலிவுப் பெட்டிகளிலும் ஈயம் இராது என்று எண்ணிவிட வேண்டாம். பலகையைக் கையால் தொட்டுவிட்டுச் சாப்பிடுவது, அடுப்பில் காய்ச்சிப் பாகங்களைக் கொட்டுவது, சமையலறையில் வைத்துப் பிரிப்பது ஆகியவை கூடாது. காய்ச்சும்போது பற்றுவைப்பு உருகுவது மட்டுமன்றி, பலகையிலுள்ள புரோமின் சேர்ந்த தீத்தடுப்புப் பொருள்களும் புகையாக எழும். பெட்டிக்குள் ஆண்டுக்கணக்கில் படிந்த தூசிக்கு முகக்கவசம் வேண்டும். குழந்தைகள் இருக்கும் இடத்தில் இந்த வேலையே வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் இப்போது நடைமுறையில் இருப்பவை 2022-ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள்; 2023 ஏப்ரல் 1 முதல் செயல்படுகின்றன. மறுசுழற்சி செய்வோரும் புதுப்பித்து விற்போரும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையத்தளத்தில் பதிவுசெய்ய வேண்டும். குறு நிறுவனங்களுக்கு இந்த விதிகளிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கைக் காட்டி எரிக்கவோ, அமிலத்தில் ஊறவைக்கவோ, மிச்சத்தை ஏரிக்கரையில் கொட்டவோ யாருக்கும் உரிமை வந்துவிடாது. அவற்றுக்கு வேறு சட்டங்கள் இருக்கின்றன. ஆயிரம் அல்லது அதற்கு மேற்பட்ட மின்னணுக் கருவிகளைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் பெருநுகர்வோர் என்ற வகையில் வருகின்றன. அவை தங்கள் கழிவைப் பதிவுபெற்றவர்களிடமே ஒப்படைக்க வேண்டும். எனவே, கல்லூரிக் கூடத்துப் பெட்டிகளைத் தெரிந்த காயலான் கடைக்குக் கொடுக்கச் சொல்லும் யோசனையைக் கேட்கும் முன், நிர்வாகத்திடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

பதிவுபெற்ற மறுசுழற்சியாளருக்கு இந்தப் பெட்டி ஏன் தேவைப்படுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டியதே. தயாரிப்பாளர்கள் கழிவை மறுசுழற்சி செய்விக்கும் தங்கள் கடமைக்காக வாங்கும் சான்றிதழ்கள் தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகியவற்றின் மீட்பைக் கொண்டு கணக்கிடப்படுகின்றன. எஸ்எம்பிஎஸ் பெட்டியில் தங்கம் தவிர மற்ற மூன்றும் இருக்கின்றன. செம்பை நீங்கள் உருவிக்கொண்டபின் மிஞ்சும் பெட்டியில் அவருக்கு ஆர்வம் குறைவது இயல்பே; ஒயருள்ள பெட்டிக்கு நல்ல விலை கேட்டுப் பேசுவதற்கும் அதே காரணம் உங்களுக்கு உதவும்.

எத்தனை பெட்டி சேர்ந்தபின் விற்பது?

ஒன்றிரண்டுக்காக ஆட்டோ வாடகை கொடுப்பதில் பொருளில்லை. ஒரு சாக்கு நிறையும்வரை வைத்திருக்கலாம். மழை படாத இடம் வேண்டும், இல்லையேல் கூடு துருப்பிடித்து, பலகையின் அழுக்கு ஒழுகும். அதற்காக விலை ஏறும் என்று ஆண்டுக்கணக்கில் அடைத்து வைப்பதும் தேவையற்றது. இடத்தின் வாடகை அதைத் தின்றுவிடும்.

சர்வர் பெட்டி, லேப்டாப் அடாப்டர், யூபிஎஸ் இவற்றுக்கும் இதே கணக்கா?

இல்லை. சர்வர்களில் சொருகி எடுக்கும் நீள மின்வழங்கிகளின் பின்முனையில் தங்கப் பூச்சுள்ள விரல் போன்ற தடங்கள் இருப்பதுண்டு. அவற்றின் திறனும் உயர்வானது என்பதால் ஓடும் நிலையில் வாங்குபவர் கிடைப்பார். முழுதாகவே விற்க வேண்டியவை.

1995-இல் ஏடிஎக்ஸ் வருவதற்கு முன்பிருந்த ஏடி வகைப் பெட்டியில், கணினியின் முன்புற சுவிட்ச்வரை 230 வோல்ட் நேரடியாகப் போகும் ஒரு தடித்த கம்பி இருக்கும்; சோதிக்கும்போது அதன் முனைகள் திறந்து கிடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். லேப்டாப் அடாப்டரின் கூடு ஒட்டப்பட்டது. உடைத்துத் திறந்தால் உள்ளே தேறுவது மிகக் குறைவு, கம்பியும் மெல்லியது. கம்பியோடு சேர்த்து அப்படியே கொடுத்துவிடலாம்.

யூபிஎஸ் பெட்டியில் மட்டும் பிரிப்பதற்குப் பொருளிருக்கிறது. அதன் பேட்டரி ஈய அமில வகை. அதைக் கட்டாயம் தனியே எடுத்து, புதுப் பேட்டரி வாங்கும் கடையிலேயே மாற்றிக்கொள்ள வேண்டும். உள்ளிருக்கும் டிரான்ஸ்பார்மர் இரும்புத் தகடு அடுக்கிய கனமான வகை. எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபெரைட் பொம்மையைப் போலன்றி, அதில் சுற்றியிருக்கும் கம்பி எடைபோடும் அளவுக்குத் தேறும். பல யூபிஎஸ்களில் அது அலுமினியக் கம்பியாக இருப்பதால், முனையிலுள்ள எனாமலைச் சுரண்டிப் பார்த்து, சிவப்பு தெரிந்தால் மட்டும் டிரான்ஸ்பார்மரைத் தனியே கழற்றி விலை கேளுங்கள்.